வெள்ளியைப் புதனாக்கிய படலம்

வாழ்க பட்டாபி! திருவனந்தபுரத்து வலியசாலை அக்கிரகாரத்தின் வடக்கு வரிசையில் நான்காம் வீட்டை ஆள்வோன். வங்கி மேலாளர் பதவியைத் துறந்து ஓய்வூதியம் சூடியோன். ஒரு கையில் கைபேசியும் மறுகையில் ஸ்க்ரூடிரைவருமாக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் விடாதோன். விளக்குக்கும் விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தன் குரலைப் பழக்கி, அவை பணிந்த மூன்று வேளைகளை நினைவில் வைத்து, பணியாத முந்நூறு வேளைகளை மறந்தோன். அவன் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் செய்த போரைப் பாடப் புகுந்தோம். மின்னலுக்கு உரிய தேவர்களே, கதை முடியும்வரை கரண்ட் போகாமல் காத்தருளுங்கள்.

போருக்கு வித்திட்டது ஒரு சூளுரை. அவன் மனைவி விஜயத்தின் தம்பி தாணு, எதிர்வரிசை வீட்டுக்காரன். தாணுவின் மகள் திவ்யலட்சுமிக்கு அன்று மாலை நாகர்கோவிலில் நிச்சயதார்த்தம். எல்லாரும் ஏறிப்போக ஒரு வேன் பேசி, பகல் ஒன்றரைக்குப் புறப்பாடு என்று தாணு வீடுவீடாகச் சொல்லி வந்தபோது, பட்டாபி நடுத்தெருவில் நின்று, கோயில் புறாக்கள் எழுந்து பறக்கும்படி முழங்கினான்:

"வேன்ல அண்டாவோட அண்டாவா உக்காந்து வர நான் ஆளில்லை. விஜயம் என் கார்லதான் வருவா!"

"கார் வரும் அத்திம்பேர்," என்றான் தாணு. "ஒங்க மிஷின் விடணுமே."

தெரு சிரித்தது. சிரிக்கக் காரணம் இருந்தது. அந்த மின்சாரக் கார் இதற்குமுன் இரண்டு கல்யாணங்களுக்குப் புறப்படாமல் நின்றிருந்தது. விஜயம் சிரிக்கவில்லை, ஆனால் தீர்ப்பை அன்றே எழுதிவிட்டாள். "இதோட மூணாவது தடவை. வெள்ளிக்கிழமையும் கிளம்பலைன்னா அந்தப் பெட்டியைக் கழட்டிட்டு, சாதா சுவிட்ச் போட்டுடணும். பின்னே ஒரு பேச்சும் கிடையாது."

பெட்டி என்று அவள் இகழ்ந்தது, கார் நிற்கும் இடத்துச் சுவரில் பதிந்திருந்த சார்ஜரை. கடையிலிருந்து வந்தபோது அது சாது. கேபிளைக் காரில் செருகிப் பொத்தானை அழுத்தினால் சார்ஜ் ஏறும்; அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த அறியாமையைப் பொறுக்காத பட்டாபி, வீட்டையே ஆளும் ஒரு சிறு கணினியோடு அதைப் பிணைத்து, அதன் செவியில் மூன்று விதிகளை ஓதினான். மொட்டைமாடி சோலார்த் தகட்டின்மேல் ஒன்பது மணி வெயில் விழுந்தால்தான் தொடங்க வேண்டும் என்பது முதல் விதி. கிரைண்டரோ இஸ்திரிப்பெட்டியோ ஓடினால், ஃபியூஸ் போகாதிருக்க, அது முடியும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது, விஜயத்தின் மனம் குளிர அவனே வலியச் சேர்த்தது: ராகுகாலத்திலும் எமகண்டத்திலும் எதையும் தொடங்கலாகாது. பிறகு, விதிகளை மீறி எவரும் கைவைக்காதபடி, அந்தப் பொத்தானையும் கழற்றி மேசை இழுப்பறையில் சிறையிட்டான். நின்றதை மறுபடி ஓடவிடுவதும் இயந்திரத்தின் கணக்கில் ஒரு தொடக்கமே என்பது மட்டும் அந்த மாவீரனுக்குத் தோன்றவில்லை.

வெள்ளி விடிந்தது. காரின் திரை பன்னிரண்டு கிலோமீட்டர் என்றது. நாகர்கோவில் எழுபது. இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறினால் போய்ச் சேரலாம். திரும்புவதற்கு மண்டபத்தில் போட்டுக்கொள்ளலாம். ஊரில் சார்ஜ் போடும் நிலையங்கள் இல்லாமல் இல்லை. சொந்த அடுக்களை இருக்க ஓட்டலில் கையேந்துவதா என்று அவற்றை அவன் வெறுத்தான். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியது. சார்ஜரின் பச்சைக்கண் மலர்ந்தது. படையெடுப்பைத் தொடங்கிவைத்த மன்னன்போல் பட்டாபி காப்பி குடித்தான்.

ஒன்பது நாற்பதுக்கு விஜயம், சம்பந்தி வீட்டுக்கு வடை கொண்டுபோக உளுந்தை கிரைண்டரில் போட்டாள். கல் உருண்டது, உளுந்து நுரைத்தது, பச்சைக்கண் மூடியது. மாவைப் பந்துபந்தாக அவள் வழித்தெடுத்தபோது மணி பத்து முப்பத்திரண்டு. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பிறந்து இரண்டே நிமிடம் ஆகியிருந்தது. சார்ஜர் சிவந்த கண்ணோடு, தவம் கலையாத முனிவர்போல் அசையாமல் நின்றது.

ஆராட்டு ஊர்வலத்தில் யானை நடுத்தெருவில் நின்றுவிட்டால் பாகன் எப்படிச் சுற்றிச்சுற்றி வருவானோ, அப்படிச் சுற்றிவந்தான் பட்டாபி. தட்டினான், அதட்டினான், கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினான். இழுப்பறைச் சிறையிலிருந்து பொத்தானை மீட்டுவந்து சுவரில் வைத்து அழுத்தினான்; ஒட்டுறவு அறுந்த பொத்தான் அவன் விரலுக்கு மட்டும் அசைந்து கொடுத்தது. வயரிங் செய்த பால்பாண்டியைப் போனில் அழைத்தான். தென்காசிப் பக்கத்துக்காரன், சுற்றி வளைக்கத் தெரியாதவன்.

"அன்னைக்கே சொன்னேம்லா சாமி, சுவிச்சக் கழட்டாதீயன்னு? நான் இப்ப விழிஞ்ஞத்துல வேலையில நிக்கேன். நாளைக்குத்தான் வர முடியும்."

துணைப்படை இல்லை என்று ஆனபின், தானே கணினிமுன் அமர்ந்து மூன்றாம் விதியையே அழித்தொழிக்க விரலை ஓங்கினான். பின்னால் வந்து நின்றாள் விஜயம்.

"ஏன்னா, ராகுகாலத்துல ராகுகாலத்தையே அழிக்கப்போறேளா? கொழந்தைக்கு நிச்சயம் நடக்கற நாள். அதுல கைய வெக்காதேங்கோ."

ஓங்கிய விரல் உயரத்திலேயே உறைந்தது. மணி பதினொன்று நாற்பது. இன்னும் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் ராகுகாலம் தானாக முடியும். பன்னிரண்டிலிருந்து ஒன்றரைவரை தடையேதுமில்லை. கார் நாகர்கோவிலைத் தொட்டுவிடும். ஆனால் சும்மா உட்கார்வது வீரர்க்கு அழகன்று. விதியைத் தொட்டால்தானே பழி? கிழமையை மாற்றினால்? அக்கணமே அவன் வீட்டுக் கணினியின் கடிகாரத்துக்குள் புகுந்தான். வியாழன் குருவின் நாள். அதைத் துணைக்கு அழைத்துப் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை. இன்னொரு நாள் பின்வாங்கினான். புதன்கிழமை பதினொன்று நாற்பதுக்கு ராகுவும் இல்லை, எமனும் இல்லை. வெள்ளி புதனாயிற்று! சிவந்த கண் பசுமையாயிற்று! நவக்கிரகங்களுக்கே டிமிக்கி கொடுத்த அந்தத் தீரன், ரசஞ்சாதமும் அப்பளமும் உண்டு, வெற்றிக்களைப்பில் ஊஞ்சலிலேயே படுத்து உறங்கிப்போனான்.

பன்னிரண்டு அடித்தது. கூடத்துச் சுவரில் அந்தக் கணினிக்கு வாயாக இருந்த ஒலிபெருக்கி, தன் கடமை தவறாமல், பெண்குரலில் அறிவித்தது: "ராகுகாலம் தொடங்கியது." புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. குறட்டையின் பேரொலியில் அந்த அறிவிப்பு, வெள்ளத்தில் விழுந்த கடுகுபோல் மறைந்தது. ஏற்கெனவே தொடங்கிவிட்ட சார்ஜரோ, தொடங்கியதில் பிழையில்லை என்று நேர்மையாக ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு விஜயம், கணவனின் பட்டுவேஷ்டி கசங்கியிருப்பதைக் கண்டு, அவன் நாலுபேர் முன்னால் நன்றாகத் தெரியவேண்டுமே என்ற ஒரே நல்லெண்ணத்தில், இஸ்திரிப்பெட்டியைப் போட்டாள்.

ஒன்றேகாலுக்கு அவன் கண்விழித்தபோது, மடிப்புக் கலையாத வேஷ்டி தலைமாட்டில் இருந்தது. வாசலில் சிவந்த கண். காரின் திரையில் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். கடிகாரத்தைப் புதனிலிருந்து வெள்ளிக்குத் திருப்பினாலும், புறப்பாட்டுக்கு மீதியிருந்தது பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடச் சார்ஜில் நாகர்கோவில் எல்லையைக்கூடக் காண முடியாது.

"வழியில நிறுத்திப் போட்டுக்கலாம்," என்றான்.

"பொண்ணுக்கு அத்தை நான் வந்து தட்டெடுக்கணும்னு அங்க காத்துண்டிருப்பா. நான் நெய்யாற்றின்கரையில காருக்குக் காவல் நிக்கணுமா?" வடைத்தூக்கை எடுத்துக்கொண்டு விஜயம் படியிறங்கினாள். "வேஷ்டியக் கட்டிண்டு வாங்கோ."

வேன் ஹாரன் அடித்தது. பட்டுடுத்தி, மார்பில் அங்கவஸ்திரம் துலங்க, தோற்ற மன்னர்களுக்கே உரிய மெதுநடையில் தெருவைக் கடந்து பட்டாபி ஏறினான். தாணு பெரிய அண்டாவைச் சற்றே நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தான். வண்டி உருண்ட அந்த நொடியில், அவன் வீட்டில் புதன்கிழமை ஒன்றரை மணியாகி ராகு விலக, வாசற்சுவரில் பச்சைக்கண் அகல மலர்ந்து, யாரும் ஏறாத காருக்குள் மின்சாரத்தை ஆறாகப் பாய்ச்சியது.

சனிக்கிழமை பால்பாண்டி வந்து பழைய சுவிட்சை மாட்டிவிட்டுப் போனான்.