போக வரப் பேசிய பேண்டு செட்டு

கடலைப் பார்த்தபடி வேலை செய்கிற ஆட்களை எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கக் கூடாது. யாரையும் பழித்துச் சொல்லவில்லை, என் மண்டையில் பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல் நின்றால் மனுஷனுக்கு (மனுஷிக்கும்) பாதி மூளைதான் வேலை செய்யும். மீதிப் பாதி கப்பலில் ஏறி எங்கேயோ போய்விடும். அது திரும்பி வருவதற்குள் இங்கே நம் பெயரில் என்னென்னவோ நடந்து முடிந்திருக்கும்.

அப்போது நான் எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் இருந்தேன். எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. இரண்டாவது மாடி. மேஜைக்கு நேரே ஜன்னல். முதலில் அடுக்கி வைத்த பெட்டிகள், அப்புறம் ரோடு, அப்புறம் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல், அப்புறம் கடல். துறைமுகத்துக்குள் போக முறை வராத கப்பல்கள் தூரத்தில் நின்றுகொண்டிருக்கும். காலைப் புகைமூட்டத்தில் அவை தண்ணீரில் நிற்கின்றனவா, ஆகாயத்தில் நிற்கின்றனவா என்று தெரியாது. மதிய வெயிலில் கரைந்து காணாமல் போகும். சாயங்காலம் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டு திரும்பத் தோன்றும். எனக்குச் சம்பளம் கொடுத்தது பெட்டியைப் பார்ப்பதற்கு. நான் பார்த்தது கப்பலை.

அதற்காகப் பெரிய கனவெல்லாம் இல்லை. சிங்கப்பூரும் வேண்டாம், லண்டனும் வேண்டாம். என் கனவு நீல டேக்.

எங்கள் ஆபீசில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும் நாடா இரண்டு நிறம். நிரந்தர ஊழியர்களுக்கு நீலம். ஏஜென்சி மூலம் வந்த எங்களுக்கு ஆரஞ்சு. ஆரஞ்சுக்கு ஆயுசு ஆறு மாதம். முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டுப் பேசுவார். அவருக்குச் சரியென்று பட்டால் இன்னொரு ஆறு மாதம். (இருமல் மருந்து பாட்டிலில்கூட இதைவிட நீண்ட தேதி போட்டிருக்கும்.) அந்த முறை ஒரு நீல இடம் காலியாகிறது, அது எனக்கு வரலாம் என்று ஆபீசில் பேச்சு. "உங்க வேலை சுத்தம், பார்க்கலாம்" என்று மேனேஜரே ஒரு நாள் லிஃப்டில் சொன்னார். அந்தப் பார்க்கலாமை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் உயிர் வாழ்ந்தேன்.

வீடு ராயபுரத்தில். ஒரு பக்கம் சர்ச் மணியும் மறுபக்கம் அலைச் சத்தமும் கேட்கிற தெரு. அங்கே வேலை என்பது வந்தால்தான் உண்டு. இறால் வந்தால் அம்மாவுக்கு வேலை, உரிக்கிற ஷெட்டிலிருந்து கூப்பிடுவார்கள். கப்பல் வந்தால் எதிர்வீட்டு டில்லிக்கு வேலை, பெட்டிகளைக் கப்பலில் இறுக்கிக் கட்டுவான். யாருக்காவது பிறந்தநாளோ சாவோ வந்தால் பாரூக்குக்கு வேலை, அவன் ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணுகிறவன். எதுவும் வராத நாளில் எல்லோரும் தெருமுனைக் கேரம் கிளப்பில் இருப்பார்கள். எதுவும் வராமலே தினமும் வேலைக்குப் போனது நான் ஒருத்திதான். அதுவும் கழுத்தில் நாடாவோடு. தெருவே என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்தது. நாடாவின் நிறத்துக்கு அர்த்தம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. நானும் (கேட்காததற்குப் பதில் சொல்வது மரியாதையில்லை பாருங்கள்) சொல்லவில்லை.

கிளப் தலைவர் துபாய்க்கு வேலை கிடைத்துப் போனதும் அந்த நாற்காலிக்கு என்னைப் பிடித்தார்கள். காரணம் தண்ணி லாரி. அந்தக் கோடையில் லாரி வராமல் தெருவே குடத்தோடு நின்றபோது, நான் போன் போட்டு ஆபீஸ் இங்கிலீஷில் இரண்டு வரி பேசினேன். போனை வைப்பதற்குள் லாரி வந்துவிட்டது. (டிரைவர் அதுவரை முக்கு டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. இதையும் யாரும் கேட்கவில்லை.)

"அக்கா பேசுனா லாரியே பயந்துகினு ஓடியாருதுபா" என்று டில்லி அறிவித்தான். இப்படியாக, ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கத் தெரியாத ஒருத்தி கேரம் கிளப்புக்குத் தலைவி ஆனாள்.

என் தலைமையில் நடந்த முதல் கூட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடலோரக் கருங்கற்களின் மேல். திங்கட்கிழமை எனக்கு ஆறு மாதம் முடிகிறது. டில்லி ஏதோ பேச ஆரம்பித்தான். நானும் கவனமாகத்தான் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் முதல் கப்பல் விளக்கைப் போட்டது.

அவ்வளவுதான். மேனேஜர் எழுந்து நின்று என் கழுத்தில் நீல நாடாவைப் போடுகிறார். சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று தானாக உருண்டு வந்து என் பின்னால் நிற்கிறது. (ஆரஞ்சுக்காரர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி.) அம்மாவின் கையில் இறால் வாசனை இல்லை, கண்ணாடி வளையல் இருக்கிறது. இரண்டாவது கப்பலும் மூன்றாவது கப்பலும் விளக்குப் போடுகின்றன. தண்ணீரெல்லாம் நீலம். மேனேஜர் என்னிடம் ஏதோ கேட்கிறார், நான் சிரித்தபடி தலையாட்டுகிறேன். உடனே ஆபீசே எழுந்து நின்று கைதட்டுகிறது.

கைதட்டல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. பார்த்தால், கருங்கல் மேல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விசில் வேறு அடித்தான். எதற்கென்று கேட்டிருக்கலாம். கேட்டால் கவனிக்கவில்லை என்று தெரிந்துவிடுமே என்று எழுந்து நின்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் தெருமுனையில் நான். ஒரு மாடி உயரத்துக்கு. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு. அந்த உடம்பு யாரோ பெரிய மனிதருடையது, விரலில் மூன்று மோதிரம். காதில் போன். பின்னால் கப்பல், மூலையில் சிங்கம், தலைக்கு மேல் வெள்ளைப் புறா. முகத்தை பாரூக் எவ்வளவு வெளுத்திருந்தான் என்றால், அம்மாவே கொஞ்சம் யோசித்துத்தான் என்னை அடையாளம் கண்டாள். கீழே கொட்டை எழுத்தில் "வேலை தரும் விடிவெள்ளியே!". கோட்டின் மேல் தொங்கியது நீல டேக்.

"இன்னாடா இது?"

"நேத்து கேட்டனேக்கா" என்றான் டில்லி. "உங்க கம்பெனில நம்ம பசங்கள வேலைக்கு சேத்து வுடுவியானு. சிரிச்சிகினே தலய ஆட்டுன. கும்புடு வேற போட்ட."

பேச்சை மாற்ற பாரூக்கைப் பிடித்தேன். "டேக் ஆரஞ்சுதானேடா? யாரு உன்ன நீலம் போடச் சொன்னது?"

"ஆரஞ்சு போட்டா சிங்கத்தோட கலந்து கலீஜா கீதுக்கா. நீலந்தான் சோக்கா எடுக்குது."

"கழட்டுடா. நான் அவ்ளோ பெரிய ஆளெல்லாம் இல்ல."

"பாத்தியா மாமு" என்று டில்லி பக்கத்தில் இருந்தவனை இடித்தான். "பெரிய ஆளுங்க இப்டித்தான் சொல்வாங்க."

நான் மறுக்க மறுக்க என் தன்னடக்கத்தின் புகழ் அடுத்த தெருவரைக்கும் போயிற்று. அப்போதே ஆரஞ்சு என்றால் என்னவென்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அம்மா பேனருக்குக் கீழே நின்றுகொண்டு, போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. பயமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நிறைய சந்தோஷமாகவே இருந்தது என்று சொல்லிவிடுகிறேனே.

திங்கட்கிழமை காலையில் பேனரைக் காணோம். பாரூக் நல்ல பிள்ளை, சொன்னபடி கழட்டிவிட்டான் என்று நிம்மதியாக ஷேர் ஆட்டோ ஏறினேன்.

மேனேஜர் அறையில் உட்கார்ந்ததும் அவர் சிரித்தார். "ஜாக்குலின், நல்ல விஷயம்தான் சொல்லப் போறேன்" என்று ஆரம்பித்தார். அப்போது எங்கோ மெல்லிசாக மேளச் சத்தம். என் கனவுகளில் கைதட்டல் உண்டு, வாத்தியம் வந்ததில்லை. பரவாயில்லை, நீல டேக் என்றால் சும்மாவா என்று ரசித்துக்கொண்டிருந்தேன். டிரம்பெட்டும் சேர்ந்துகொண்டது. மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் கேக்குதா சார்?" என்றேன்.

கேட்டில் மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டி இரண்டு நின்றன. உள்ளே எங்கள் தெருப் பையன்கள் மொத்தமும், தேய்த்த வெள்ளைச் சட்டையில், தலைவாரி, கையில் பிளாஸ்டிக் உறையில் சர்டிபிகேட்டோடு. முன்னால் பேண்டு செட்டு. மூங்கிலில் கட்டித் தூக்கிப் பிடித்த கோட்டு சூட்டு நான். பின்னால், உள்ளே வர வழியில்லாத டிரெய்லர் லாரிகள் கண்ணுக்கு எட்டியவரை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. (கிரேனில் தொங்கவிட்டு மாலை போடுவதாகத்தான் முதலில் திட்டமாம். கிரேன் ஓட்டுகிற தோஸ்துக்கு அன்று வேறு இடத்தில் ஷிப்ட் இருந்தது என் பாக்கியம்.)

இறங்கி ஓடினேன். வாயைத் திறப்பதற்குள் முழங்கால் வரைக்கும் ரோஜா மாலை விழுந்தது. பின்னாலேயே வந்த மேனேஜரிடம் டில்லி பவ்யமாகக் கைகட்டி நின்றான். மீன் வண்டியில் வந்த வாசனை அவனுக்கு முன்னால் வந்து நின்றது.

"சார், எங்க அக்கா சொல்லிச்சு. நாங்க இன்னிக்கே சேந்துக்கறோம் சார். எந்த வேலனாலும் ஓகே."

மேனேஜர் பேனரை ரொம்ப நேரம் பார்த்தார். சிங்கத்தைப் பார்த்தார். என் மூன்று மோதிரத்தைப் பார்த்தார். நீல நாடாவில் கண் நின்றது.

"தம்பி, அவங்களே இங்க பர்மனென்ட் இல்லப்பா" என்றார் மெதுவாக. "ஏஜென்சி ஆளு. இன்னியோட ஆறு மாசம் முடியுது."

பேண்டு செட்டு நின்றுவிட்டது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாலைக்குள்ளிருந்து என் ஆரஞ்சு நாடா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு அவமானத்தை அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. டில்லி பக்கத்தில் வந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"அப்ப உனுக்கும் கப்பலு வந்தாத்தான் வேலையாக்கா?"

இந்த முறை தெரிந்தே தலையாட்டினேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் லாரி வரிசையைக் கேட்டு மேலிடத்திலிருந்து அவருக்குப் போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. "இனிமே நீலத்தைப் பேசவே முடியாதும்மா. ஆறு மாசம்கூடக் கஷ்டம்" என்றார். செக்யூரிட்டி அண்ணன் அட்டையை வாங்க மாலைக்குள் கையை விட்டுத் துழாவினார். ரோஜாதான் உதிர்ந்தது. "நீங்களே கழட்டிக் குடுத்துருங்கம்மா" என்றார் பாவம். கொடுத்தேன்.

கேட்டுக்கு வெளியே யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றோம். பேண்டு மாஸ்டர்தான் தொண்டையைச் செருமினார். "போக வரப் பேசிகீறாங்க, ரெண்டுக்கும் காசு வாங்கியாச்சு. திரும்பிப் போசொல்ல வாசிக்கணுமா, வாணாமா? தலைவர் யாருனா ஒரு முடிவ சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் பதவிக்காலத்தில் முழு விழிப்போடு நான் எடுத்த முதல் முடிவு அதுதான்.

"வாசிங்க" என்றேன்.

வேலை போன கையோடு மேளதாளத்துடன் ஊர்வலமாக வீட்டுக்குப் போனவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். குட்டியானையில் நின்றுகொண்டு, மாலையோடு, கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு போனேன். வெயிலில் கப்பல்கள் கரைந்துகொண்டிருந்தன. டிரம்பெட் சத்தம் தண்ணீர் மேல் போய்ப் போய்த் திரும்பியது. பஸ்ஸிலிருந்தவர்கள் என்னைக் கல்யாணப் பெண் என்றோ வேட்பாளர் என்றோ நினைத்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். அழுகையாக வந்தது. ஆனால் டில்லி ஆட ஆரம்பித்துவிட்டான், சர்டிபிகேட் உறையைத் தலையில் வைத்துக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டு எப்படி அழுவது?

தெருமுனையில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். "பர்மனென்டு பண்ட்டாங்களாடி?"

"வேல பூட்ச்சும்மா."

அம்மா மாலையைப் பார்த்தாள். பேண்டு செட்டைப் பார்த்தாள். "பூட்ச்சுக்கா மேளம்?" என்றாள். அப்புறம், "சரி, தட்டு எட்தாச்சு. நேரா நில்லு" என்று மூன்று சுற்று சுற்றி என் நெற்றியில் அழுத்திப் பொட்டு வைத்தாள்.

அன்றைக்கே தலைவி பதவியை ராஜினாமா செய்தேன். கிளப் ஏற்கவில்லை. "ஊர்ல எந்த வேலைலேர்ந்து வோணா உன்ன தூக்குவாங்க. இதுலேர்ந்து தூக்க மாட்டோம்க்கா" என்றான் டில்லி. அடுத்த மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு மணலியில் கான்ட்ராக்ட் முடிந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தவன் முன்னால் நாங்கள் மேளத்தோடு நின்றோம். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எங்கள் தெருவில் யாருக்கு வேலை போனாலும் அவர்கள் தனியாக வீடு திரும்புவதில்லை.

கோட்டு சூட்டு பேனர் கிளப்பின் ஒழுகுகிற கூரைக்குப் போயிற்று. மழை பெய்தால் என் முகத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் கேரம் ஆடுகிறார்கள். நான் அதற்கப்புறம் இரண்டு கம்பெனி மாறிவிட்டேன். இப்போது பச்சை நாடா. ஜன்னலுக்கு எதிரே சுவர்.

வீட்டில் இன்றைக்கும் என்னிடம் முக்கியமான எதையாவது கேட்பதென்றால் அம்மா முதலில் என் முகவாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் கேட்பாள். என் கல்யாணத்தன்று சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் நின்றேன். வலது பக்கம் ஒரு கதவு திறந்திருந்தது. கதவுக்கு வெளியே கடல். கடலில் (என் மேல் தப்பில்லை) ஒரு கப்பல். ஃபாதர் என்னிடம் ஏதோ கேட்டது மாதிரி இருந்தது. நான் சிரித்தபடி தலையாட்டினேன்.

"ஃபாதர், ஒத்துக்காதீங்க!" என்று பின் வரிசையிலிருந்து டில்லி எழுந்து கத்தினான். "அக்கா கப்பலப் பாத்துகினு கீது. வாயால சொல்லச் சொல்லுங்க!"

சர்ச்சே சிரித்தது. ஃபாதரும் சிரித்துவிட்டார். முதல் வரிசையில் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் முகவாயைப் பிடிக்கப் பீடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.