ஆட்சேபம் தெரிவிக்கும் காட்சி, டேக் பதினொன்று

எங்கள் ஊருக்கு ரயில் வந்தபோது வரலாறு திரும்பிப் பார்க்கவில்லை. மேம்பாலம் வந்தபோதும் பார்க்கவில்லை. அது பாதியில் நின்றபோதும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, சோபாக் கடையின் இரண்டாவது மாடியில், 'புதிய ஊடக ஆர்வலர் மாதாந்திரச் சந்திப்பு' தொடங்கியபோதுதான் அது சடாரென்று கழுத்தைத் திருப்பியது. சந்திப்பின் நிறுவனச் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. திருப்பிய வேகத்தில் வரலாற்றுக்குக் கழுத்து சுளுக்கியிருந்தால் அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

பகலில் நான் ஒரு கடையில் மூக்குக்கண்ணாடி விற்கிறேன். அது வயிற்றுப்பாடு. என் உண்மையான தொழில் சமூகத்தின் கண்களைத் திறப்பது.

சோபாக்கடைக்காரர் இடத்தை இலவசமாகவே கொடுத்தார். எல்லா வீடியோவிலும் சோபா தெரிய வேண்டும், அதன்மேல் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது, இரண்டே நிபந்தனைகள். உறை போட்ட சோபாவில் உட்கார்ந்து ஒருவர் அசைந்தால் போதும், வறுத்த பண்டத்தை மிதித்ததுபோல் ஒரு சத்தம். ஆடியோ கெட்டுவிடும். ஆகவே 'ஆர்வலர்கள் அமர்ந்தபின் அசையக் கூடாது' என்று விதி எண் ஒன்றை நிறைவேற்றினோம். புதிதாக வந்த ஒருவர் இருபத்தைந்து பேர் கல்லாய்ச் சமைந்திருப்பதைப் பார்த்து, தியான வகுப்பு என்று நினைத்துக் கண்ணை மூடிவிட்டார். இன்றுவரை தவறாமல் வருகிறார். எங்களிடம் நிம்மதி கிடைப்பதாகச் சொல்கிறார்.

தலைவர் பல் டாக்டர். வாரந்தோறும் நேர்காணல் நிகழ்ச்சி நடத்துகிறார். அவருடைய நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளிகள்தான் விருந்தினர்கள். வாய் நிறையப் பஞ்சு வைத்துவிட்டு, "நாட்டு நிலைமையைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார். எதிர்க்கருத்தே வராத நேர்காணல் உலகத்தில் இது ஒன்றுதான். துணைத்தலைவர் மனைத்தரகர். அவரை 'ட்ரோன்' என்றுதான் கூப்பிடுவோம். வாங்கிய அன்றே அவருடைய ட்ரோன் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியது. அன்றிலிருந்து அதைப் பறக்கவிடுவதில்லை. கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நிற்பார். 'வான்வழிக் காட்சி' என்று கீழே எழுதிவிடுவோம்.

எங்கள் சந்திப்பில் எதையும் மூன்று முறை செய்வது மரபு. போனை நிமிர்த்திப் பிடித்து ஒருமுறை, படுக்கவைத்து ஒருமுறை, தாமதமாக வந்தவர்கள் எடுத்துக்கொள்ள ஒருமுறை. வணக்கம் சொன்னாலும் மூன்று வணக்கம். ஒருமுறை உண்மையாகவே தும்மிய ஒருவரை இன்னும் இரண்டு தும்மல் தும்மச் சொன்னோம். பாவம், முயன்றார்.

இவ்வளவு சிறப்பாக நடந்துகொண்டிருந்த சந்திப்புக்குச் சமூகப் பொறுப்பு என்ற புதிய பரிமாணத்தை அளித்தவர் என் அக்கா. ஒரு சனிக்கிழமை காலை கையில் ஒரு தாளோடு வந்தாள்.

"டேய், உன் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"நேர்லயா, ஆன்லைன்லயா?"

"கையில விரல் இருக்கறவங்க எத்தனை பேர் வருவாங்க?"

"என்னையும் சேர்த்து இருபத்தாறு."

"அப்பாடா, போதும்" என்று உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். எங்கள் பகுதியிலிருந்து அங்கே நேராகப் போவது ஆறே முக்கால் மணிக்கு வரும் பதினேழாம் எண் பேருந்து மட்டும்தான். ஏறுவதற்கு ஆள் இல்லை என்று அதை நிறுத்தப்போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் இந்தப் பகுதியில் வசிக்கும் இருபத்தைந்து பேராவது கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

"நானும் அவரும் போட்டாச்சு. தெருவுல கேட்டா, 'எங்ககிட்டதான் பைக் இருக்கே'ன்னு கதவைச் சாத்தறாங்க. உன் ஆளுங்க எல்லாரும் இந்தப் பக்கம்தானே? நாளைக்குப் போட்டு வாங்கிடு."

"அவ்வளவுதானா?" என்றேன். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. "அக்கா, இதைப் பெரிய பிரச்சாரமாவே பண்ணலாம்."

"பிரச்சாரமும் வேணாம் கிரச்சாரமும் வேணாம். கையெழுத்து போதும். வாடகைக் கார்ல வாரம் மூணு நாள் கூட்டிட்டுப் போற நிலைமையிலயா நாங்க இருக்கோம்? புரியுதா?"

"புரியுது."

"என்ன புரிஞ்சுது, சொல்லு."

"கையெழுத்து."

"அதேதான்" என்று தாளை என் சட்டைப் பையில் அவளே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சந்திப்பில் தாளைக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். இருபத்தாறு பேரும் அசையாமல் நெகிழ்ந்தார்கள். பல் டாக்டர் தாளை இரண்டு விரலால் எடுத்து, எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரே தாள்தான் இருக்கா?"

"ஒண்ணுதான்."

"அப்ப ஜாக்கிரதையா இருக்கணும். ஒவ்வொருத்தரும் மூணு தடவை போட்டா தாள் தாங்காது. பேனா மூடியைக் கழட்டாமலே ரிகர்சல் பார்ப்போம். டேக் நல்லா வந்ததும் கடைசியில நிஜமாப் போட்டுக்கலாம்."

தலைமைப் பண்பு என்றால் இதுதான். முதல் டேக்கில் ட்ரோனுடைய நிழல் தாள்மேல் விழுந்தது. இரண்டாவதில் யாரோ அசைந்து சோபா கத்தியது. மூன்றாவதில் ஒரு வங்கி அலுவலர் பழக்கதோஷத்தில் தாளை முழுக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிமிடம் போயிற்று. ஏழாவதில் முகத்தில் கோபம் போதவில்லை. எட்டாவதில் கோபம் இருந்தது, சோபா தெரியவில்லை. ஒன்பதாவதில் எல்லாம் இருந்தது, போனில் இடம் இல்லை. பதினோராவது டேக், என்ன சொல்ல! இருபத்தாறு பேரும் வரிசையாக வந்து, உதட்டைக் கடித்து, புருவத்தை நெரித்து, 'சர்ர்க்'கென்று கையெழுத்திட்டார்கள். சோபாக்கடைக்காரர் கடையைச் சாத்த வேண்டும் என்று மின்விசிறியை நிறுத்தினார். எல்லோரும் பேனாவை உயர்த்திப் பிடித்துக் குழுப்படம் எடுத்துக்கொண்டு படியிறங்கினோம். ஆளாளுக்கு மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். அவ்வளவு கையெழுத்துப் போட்ட கை வலிக்காதா?

நான் தாளை மடித்து உறையில் போட்டு ஒட்டினேன். ஒட்டுவதையும் மூன்று முறை எடுத்தோம். உறையைக் கவனித்தேன், பசையைக் கவனித்தேன், வெளிச்சத்தைக் கவனித்தேன்.

'மக்கள் எழுந்தார்கள்!' என்ற எங்கள் வீடியோ திங்கட்கிழமை வெளியானது. செவ்வாய்க்கிழமைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். "சிலிர்த்துவிட்டது", "கண் கலங்கியது", "அந்த சோபா என்ன விலை?" என்று பாராட்டுகள் குவிந்தன. நடுவில் யாரோ ஒரு பெயரில்லாத ஆசாமி, "அண்ணே, பேனா மூடியைக் கழட்டவே இல்லையே" என்று எழுதியிருந்தார். தலைவருக்குப் போன் செய்தேன்.

"எதிர்மறை ஆளுங்க எங்க போனாலும் இருப்பாங்க. தூக்கிடுங்க" என்றார்.

தூக்கிவிட்டேன். அரை நொடி வேலை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

புதன்கிழமை நான்கு பேராகப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். உறையை வாங்கிக்கொள்ளும் எழுத்தர் வளர்ச்சியடையாத மனிதர்.

"சார், கொஞ்சம் எழுந்து நின்னு வாங்கிக்கறீங்களா?"

"எதுக்கு?"

"இன்னும் ரெண்டு தடவை வாங்கணும். அதுல ஒண்ணு நின்னு வாங்கினா நல்லாருக்கும்."

"ஒரு தடவைதான் சீல் வைப்பேன். கொடுத்துட்டுக் கிளம்புங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

ட்ரோன் அவருடைய நாற்காலிமேலேயே ஏறப் பார்த்தார். காவலாளி வந்துவிட்டதால் வான்வழிக் காட்சி கைவிடப்பட்டது.

பத்து நாள் கழித்து அக்கா கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு கடிதம். 'இருவர் மட்டுமே ஆட்சேபம் தெரிவித்துள்ளமையாலும், தடத்தில் போதிய பயணிகள் இன்மையாலும், பதினேழாம் எண் சேவை இம்மாத இறுதியுடன் நிறுத்தப்படுகிறது.'

"ரெண்டு பேர்னு போட்டிருக்கான். நானும் அவரும்" என்றாள்.

"அப்ப நாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அப்ப நீங்க?"

ஆதாரம் இருக்கிறதே! கம்பீரமாகப் போனை எடுத்து வீடியோவைப் போட்டேன். அக்கா பார்த்தாள். நானும் அன்றைக்குத்தான் முகங்களை விட்டுவிட்டுப் பேனாவைப் பார்த்தேன். தொழிலே கண்ணாடி விற்பது; எதிரில் இருப்பது தெரிகிறதா என்று நாள் முழுக்கப் பிறரைக் கேட்பவன். இருபத்தாறு கையெழுத்திலும் மூடி, மூடி, மூடி. வரிசையில் கடைசியாக வந்தவன் நான். மற்றவர்களைவிடப் புருவத்தை நன்றாகவே நெரித்திருந்தேன்.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண் பரிசோதிக்கும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே அவரை நான் எப்படிடா கூட்டிட்டுப் போவேன்?"

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் ஓர் இயக்கத்தை நடத்துகிறவன் அவமானத்திலேயே உட்கார்ந்திருக்க முடியுமா? அன்று மாலையே அவசரச் சந்திப்பைக் கூட்டினேன். அலுவலகத்துக்குப் போய்க் காலில் விழுந்தாவது இன்னொரு தாள் கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வங்கி அலுவலர் ஒருவர்தான், "கொடுக்கலாமே" என்றார். அவர் பேசியபோது சோபா கத்தியதால் அது பதிவாகவில்லை.

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "நாம போட்டோம். நாற்பதாயிரம் பேர் சாட்சி. மை இல்லைங்கறது தொழில்நுட்பக் கோளாறு. தாளையும் பேனாவையும் கட்டிக்கிட்டு அழறது பழைய ஊடகம்."

'கையெழுத்து என்பது மையில் இல்லை, மனத்தில் இருக்கிறது' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த தீர்மானத்துக்கு ஆர்வலர்கள் விதி எண் ஒன்றையே மீறித் துள்ளினார்கள்: பதினேழாம் எண் பேருந்தின் கடைசி நாளன்று 'மாபெரும் பிரியாவிடைப் பயணம்'. ஆறே முக்கால் மணிக்கு அதுவரை விழித்தறியாத ஆர்வலர்கள் எல்லாம் அலாரம் வைத்துக்கொண்டார்கள்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. முதல் நிறுத்தத்திலேயே முப்பத்தொரு பேர் ஏறினோம். இருபத்தாறு பேர் நிரந்தர ஆர்வலர்கள், ஐந்து பேர் விருந்தினர்கள். சீட்டு கொடுக்க எழுந்த நடத்துனர் வழி இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். ஐம்பது வயதிருக்கும். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எல்லாரும் இந்த ஏரியாவா?"

"ஆமா சார்!" என்றோம், மூன்று முறை.

"இத்தனை பேர் இருக்கீங்களா! ஏறுறதுக்கு ஆளே இல்லைன்னு எழுதித்தானய்யா நிறுத்தறாங்க."

"சூப்பர் சார்! அதையே கொஞ்சம் கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் ட்ரோன், இருக்கையின்மேல் ஏறி.

மூன்றாவது நிறுத்தத்தில் அக்கா அத்தானைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். அத்தான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்த மற்றக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உட்கார இடமில்லை. ஆள் இல்லாத இருக்கைகளில் எங்கள் போன் ஸ்டாண்டுகள் உட்கார்ந்திருந்தன.

பல் டாக்டர் மைக்கை நீட்டினார். "ஐயா, இந்தக் கடைசிப் பயணத்துல உங்க உணர்வு என்ன?"

அத்தான் மூச்சு வாங்கினார். "நிக்க முடியல."

"அது சரி ஐயா, உணர்வு?"

"அதான் உணர்வு."

"எழுந்திருடா" என்றாள் அக்கா. யாரைச் சொல்கிறாள் என்று முதலில் எனக்கு உறைக்கவில்லை. பிறகு எழுந்தேன். அத்தான் உட்கார்ந்து, "பரவால்ல மாப்ளே, இருக்கட்டும்" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

ஆஸ்பத்திரி வந்தது. நடத்துனர் விசிலை ஊதிவிட்டு, அத்தானுக்கு வழி விடச் சொல்லி எங்களை ஒதுக்கினார். படியில் இறக்கிவிடும்போது, வீட்டு மனிதரைக் கேட்பதுபோல் கேட்டார்.

"திங்கக்கிழமை எப்படி சார் வருவீங்க?"

அத்தான் திரும்பி எங்களைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

அந்தக் கேள்வி மிகத் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. பின்னணி இரைச்சலே கிடையாது. பதில் சொல்ல வேண்டிய முப்பத்தொரு பேரும் படம் பிடித்துக்கொண்டிருந்தோம்.