ஐந்தரைக் கிலோ ஒப்பந்தம்

இந்தத் தடவை குழந்தை வண்டியைத் தள்ளப்போவதில்லை. தலையே போனாலும் சரி, தள்ளப்போவதில்லை!

காலையில் சவரம் செய்யும்போதே லிஃப்ட் மெக்கானிக் இப்படிச் சபதம் போட்டுவிட்டார். கண்ணாடியில் இருந்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு அடங்கி நடக்கிற ஒரே ஆள் அவர்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருடம் நான்கு நாள் கடலோரம் போய்வந்தார்கள். இரவல் வாங்கிய வண்டி, பதினான்கு கிலோ. அதற்குள் சுண்டெலி. சுண்டெலி என்பது அவருடைய ஒரே மகள். "வண்டி கனமா இருக்குங்க, என்னால முடியல" என்று மனைவி முதல் நாளே கையை உதறிவிட்டாள். நான்கு நாளும் அவர்தான் தள்ளினார். கடல் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியாது. எடுத்த அறுபது போட்டோவிலும் வண்டிக்குப் பின்னால் குனிந்தபடியே இருக்கிறார். ஒன்றில் முதுகு மட்டும் விழுந்திருக்கிறது. மனைவி அதைத்தான் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

இந்த வருடமும் அதே கடற்கரைதான். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஓய்வு பெற்ற நீதிபதி மாதிரி, கடலோரமாக நிதானமாக நடக்க வேண்டும். அதை ஒரு போட்டோ எடுக்க வேண்டும். மனுஷன் கோட்டையா கேட்டான்?

"இந்த வருஷம் நான் கையைக் கட்டிக்கிட்டு நடக்கப்போறேன்," என்று தோசைக்கல்லுக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

"நடங்களேன், யாரு வேணாம்னா?" என்றாள் மனைவி.

"அப்போ வண்டியை?"

"லேசான வண்டியா வாங்கிக் குடுங்க. நானே தள்ளிக்கிறேன்."

எட்டு வருடத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில்லை. உஷாராகியிருக்க வேண்டும். மெக்கானிக் உஷாராகவில்லை, உற்சாகமானார்.

கடைக்குப் போகும்போது கருவிப் பெட்டியிலிருந்து கொக்கித் தராசையும் எடுத்துக்கொண்டார். கடைக்காரர் சொல்லும் எடையை நம்புகிற ஜாதி இல்லை அவர். ஒவ்வொரு வண்டியாகத் தூக்கித் தொங்கவிட்டார். ஒன்பது கிலோ, தள்ளு. எட்டேகால், தள்ளு. கடைசியில் மூலையில் குடை மாதிரி சாய்ந்திருந்த ஒரு மடக்கு வண்டி ஐந்தரை காட்டியது.

"ஒரே கையில மடக்கலாம் சார். தோள்ல மாட்டிக்கலாம்," என்றார் கடைக்காரர்.

மெக்கானிக் ஒரே கையில் மடக்கினார். வண்டி அவருடைய சட்டையையும் சேர்த்து மடக்கிக்கொண்டது. விடுவித்த பிறகும் அவர் முகம் வெற்றியில் பளபளத்தது.

"இது பின்னால சாயாதா?" என்று மனைவி மட்டும் மெல்லக் கேட்டாள்.

"சாயாதும்மா. சாயுற மாடல் ஏழேகால் கிலோ."

"கேட்டியா? சாயுறதுக்கு மட்டும் ஒண்ணே முக்கால் கிலோ! உன் பொண்ணு என்ன ஜமீன்தாரா, சாஞ்சுக்கிட்டே ஊர் பாக்க?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

'நீங்க சொன்னா சரிதாங்க!' இந்த வாக்கியத்தை அவர் தம் காதால் கேட்பது இதுவே முதல் தடவை. கேட்ட மயக்கத்தில் சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தப் புத்தகத்தை உருவினார். லிஃப்ட் பராமரிப்புக்கு வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குகிற அச்சடித்த புத்தகம், கார்பன் தாள் உட்பட. பிறகு பேச்சு மாறக்கூடாது பாருங்கள்! கல்லாப்பெட்டி மேல் வைத்தே எழுதினார்.

"ஒன்று: பயணம் முடியும்வரை வண்டி முழுக்க மனைவியின் பொறுப்பு. கணவர் அதைத் தொடமாட்டார். போடு கையெழுத்து."

"போடறேன். ஆனா ஒரு சந்தேகம்ங்க. உங்க லிஃப்ட்ல யாராவது உள்ள மாட்டிக்கிட்டா யாரு வெளிய எடுப்பாங்க?"

"வேற யாரு, மெக்கானிக்தான்!" நெஞ்சு நிமிர்ந்தது.

"எடுத்து நடுவழியிலயே விட்டுருவீங்களா?"

"சேச்சே. போகவேண்டிய மாடியில பத்திரமா சேத்துட்டுத்தான் மறுவேலை."

"அதையும் இதுல எழுதிடுங்க. ஒப்பந்தம்னா முழுசா இருக்கணும்ல?"

தொழில் தர்மத்தைப் பற்றி மனைவிக்கு இவ்வளவு அக்கறையா! உருகிப்போனார். "இரண்டு: பயணி உள்ளே மாட்டிக்கொண்டு கூப்பிட்டால், வெளியே எடுத்து, சேரவேண்டிய இடம் சேர்ப்பது மெக்கானிக் பொறுப்பு" என்று அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரையும் குத்தினார். கார்பன் பிரதியை மனைவி நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பயண நாளில் வீட்டு வாசலிலிருந்து மெக்கானிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். மனைவி வண்டியைத் தள்ளினாள். சுண்டெலி உள்ளே உட்கார்ந்து தெருநாய்களுக்கு டாட்டா காட்டினாள். சுகமென்றால் அப்படியொரு சுகம். சரியாகப் பன்னிரண்டு நிமிடம் அது நீடித்தது.

பதின்மூன்றாவது நிமிடம் சுண்டெலி உடம்பை வில்லாக வளைத்தாள். வார்ப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு வாயைத் திறந்தாள். எதிரே வந்த சைக்கிள்காரர் பயந்து இறங்கியே விட்டார்.

"ஏங்க, பயணி மாட்டிக்கிட்டா. உள்ளேயிருந்து கூப்பிடறா," என்றாள் மனைவி.

"விளையாடாத. கொஞ்சம் சாச்சுவிடு, தூங்கிருவா."

"சாயாதே! ஒண்ணே முக்கால் கிலோ மிச்சம் பிடிச்சோமே." கார்பன் பிரதி வெளியே வந்தது. "ரெண்டாவது வரி. உங்க முத்திரை."

எடுத்தார். சேரவேண்டிய இடமோ இன்னும் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

ரயிலில் சுண்டெலி அவர் மடியில். இறங்கிய ஸ்டேஷனில் அவர் தோளில். அங்கே லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. நாற்பத்திரண்டு படி. "நல்லவேளை, கையோட ஒரு லிஃப்ட் கொண்டு வந்தோம்," என்று மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மடக்கிய வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு குடுகுடுவென்று மேலே போனாள். ஐந்தரைக் கிலோ எவ்வளவு லேசு என்று அப்போதுதான் அவருக்கு முழுசாக விளங்கியது. சுண்டெலி பதினொன்று.

கடற்கரைக்கு வந்ததும் மெக்கானிக் பொறுத்தது போதும் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வேலைநிறுத்தம்!

"ஒப்பந்தத்தை ரத்து பண்றேன்!"

"முப்பது நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். கீழ அச்சுலயே இருக்கு, பாருங்க. நமக்குப் பயணமே நாலு நாள்தான்."

"சரி, வண்டியை நான் தள்ளித் தொலைக்கிறேன். நீ இவளை வாங்கிக்கோ."

"தொடமாட்டேன்னு மொத வரியிலயே எழுதியிருக்கீங்களே! அப்புறம் கொஞ்சம் மெதுவா பேசுங்க. கைப்பை தூங்குது."

எட்டிப் பார்த்தார். வண்டிக்குள் கைப்பை வார்ப்பட்டை போட்டுக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"உண்மையைச் சொல்லு. இவ இதுல உட்காரமாட்டான்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

"உட்காருவாளே. பன்னண்டு நிமிஷம் உட்காருவா. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாகிட்ட இதே வண்டி இருக்கு. போன வாரம் மூணு நாள் வாங்கிப் பாத்தேன்."

மெக்கானிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அதைவிட வேகமாகச் சுண்டெலி அவர் முதுகில் ஏறினாள். உப்புமூட்டை! விழுந்துவிடப் போகிறாளே என்று அவர் இரண்டு கையையும் பின்னால் கோத்து அவளைத் தாங்கிக்கொண்டு எழுந்தார். எதிரே கடல் தெரிந்தது.

"அப்படியே நில்லுங்க!" மனைவி போனை உயர்த்தினாள். "கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஒரு போட்டோ கேட்டீங்களே. எங்க, சிரிங்க."

"சிரிக்கமாட்டேன்!" பல்லைக் கடித்தார். எல்லாம் போனாலும் இந்த ஒன்றையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது. பேரப்பிள்ளைகள் பார்த்தாலும் அவர் எதிர்ப்பு இந்த முகத்தில் தெரிய வேண்டும். "எத்தனை எடுத்தாலும் சிரிக்கவே மாட்டேன்!"

"உங்க இஷ்டம்ங்க," என்றாள் மனைவி, பொத்தானை அமுக்கிக்கொண்டே. "அவதான் ரெண்டு கையாலயும் உங்க மூஞ்சியை மூடியிருக்காளே."