நாலு வீட்டு ஆட்சேபம்

கடிதத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று ஹனீபாவுக்குத் தெரியவில்லை. முதலில் தலையணை உறைக்குள் வைத்தார். யாராவது சாய்ந்தால் சரசரக்குமே என்று எடுத்து, பீரோவில் சுபைதாவின் புடவைகளுக்கு அடியில் தள்ளினார். மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. அந்தத் தட்டை அவரே கூடத் தொடுவதில்லை.

ஒளித்து வைக்கும் அளவுக்கு அதில் கெட்ட செய்தி எதுவும் இல்லை. கொட்டச்சேடு கிராமத்துக்குப் போகிற மலைப்பாதையில், அவர் வீட்டை ஒட்டிய காப்பித் தோட்டத்தை வெட்டி நூற்றுப் பதினெட்டு வில்லா கட்ட ஒரு கம்பெனி மனு போட்டிருந்தது. பாதை குறுகல், ஊற்று வற்றிவிடும் என்று அக்கம்பக்கத்தார் எழுதிக் கொடுத்த ஆட்சேபம் நியாயமானது என்றும், கம்பெனி மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்றும், ஆகவே கோப்பு முடிக்கப்படுகிறது என்றும் சேலத்து ஆபீசிலிருந்து எழுதியிருந்தார்கள்.

முடிக்கப்படுகிறது என்ற சொல்தான் அவரை உலுக்கிவிட்டது.

ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் முப்பது வருடம் மளிகைக்கடை நடத்தியவர் ஹனீபா. கடையை விட்டபின் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. மகன் பஷீர் சவூதியிலிருந்து வெள்ளிக்கிழமை போன் செய்வான். உடம்பு எப்படி என்பான், மழை உண்டா என்பான். அதோடு அந்த வாரம் முடிந்துவிடும்.

அந்தப் பாதையில் மொத்தமே நாலு வீடு. அடுத்த வீட்டு மனுவேல் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் மனைவி பேரனைப் பார்க்கக் கோயம்புத்தூர் போனவர், இரண்டு வருடமாகியும் திரும்பவில்லை. மேட்டு வீட்டில் ரிடையரான தேவகுமாரி டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஊற்றுப் பக்கம் மாதம்மாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள், மகன் திருப்பூரில். பத்து வருடமாக நாலு பேரும் வேலிக்கு மேல் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி.

கம்பெனி ஜீப் வந்து சில்வர் ஓக் மரங்களில் சிவப்பு பெயிண்டால் நம்பர் போட்ட பிறகுதான் ஹனீபாவின் கூடத்தில் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்தார்கள். டீச்சர் மனு எழுதினார். மூவர் கையெழுத்தும் மாதம்மாளின் கைரேகையும் விலாசத்தோடு போயின. அதன்பின் சனிக்கிழமை தோறும் நாலு மணிக்குக் கூட்டம். ஹனீபா டீ போடுவார். சுபைதா போன பிறகு அந்த வீட்டில் ஒன்றுக்கு மேல் டம்ளர் கழுவியது அப்போதுதான்.

மனுவில் முதல் பெயர் அவருடையது. அதனால்தான் பதில் தனக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை சொல்லிவிடத்தான் நினைத்தார். மாதம்மாள் முந்தானையில் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தாள். மனுவேல் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். ஹனீபா தொண்டையைச் செருமினார்.

"கம்பெனிக்காரன் சும்மா இருக்கற மாதிரி தெரியலீங்க. நாம இன்னும் ஆதாரம் சேக்கோணும்."

மூன்று பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பாதையில் எவ்வளவு நெரிசல் என்று காட்டுவதற்காக, வளைவில் நாற்காலி போட்டு ஒரு வாரம் வண்டிகளை எண்ணினார்கள். நாளுக்கு ஏழு வண்டி வந்தது. அதில் இரண்டு மனுவேலின் ஸ்கூட்டர். எண்ணிக்கை போதாது என்று டீச்சர் முகம் சுளித்ததும், மனுவேல் ஸ்கூட்டரை எடுத்து மேலும் கீழுமாகப் பதினாறு நடை ஓட்டினார். பதினேழாவது நடையில் வண்டி நின்றுபோனது. நாலு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

சரி, ஊற்றை அளப்போம் என்றார் ஹனீபா. தினமும் காலையில் மாதம்மாள் குடத்தை வைத்து, அது நிறையும் நேரத்தை டீச்சர் கடிகாரத்தில் பார்த்தார். வற்றப்போகிற ஊற்று என்று மனு கொடுத்திருக்க, அந்த வாரம் பெய்த மழையில் அது பொங்கி வழிந்தது. அடுத்து, காட்டெருமை கடக்கிற தடம் இது என்று நிரூபிக்க ஒரு பகல் முழுக்கப் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்தார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் பசு மட்டும் வந்து பொட்டலத்து இலையைத் தின்றுவிட்டுப் போனது.

சேர்த்த ஆதாரமெல்லாம் கம்பெனிக்கே சாதகமாக இருந்ததால், இனிப் பொறுக்கக் கூடாது, சேலத்துக்கே நேரில் போய்விடுவோம் என்றார் டீச்சர்.

ஹனீபா கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆபீசில் போய் நின்றால் முதல் வார்த்தையிலேயே வெளிச்சமாகிவிடும். முழங்கால் வலி, மலைவளைவில் பஸ் குலுக்கலைத் தாங்காது என்று படுத்துக்கொண்டார்.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. மனுவேல் தைல பாட்டிலோடு வந்து முழங்காலை நீவிவிட்டார். மாதம்மாள் காலையில் ராகிக்களி கொண்டுவந்தாள். டீச்சர் தலைமாட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினார். மூன்று வருடத்தில் யாரும் அவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டதில்லை. இப்போது ஒரே நாளில் மூன்று பேர் கேட்டார்கள். களிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்தாம் நாள் மனுவேல் சொன்னார்: "நீங்க ஒண்ணும் சேலம் வர வேண்டாம் பாய். நியூஸ் எழுதற பேப்பர்காரர் ஒருத்தரை இங்கயே வரச் சொல்லீட்டேன். வர்ற சனிக்கிழமை நாலு மணிக்கு."

ஹனீபாவின் முழங்கால் அன்றைக்கே குணமாகிவிட்டது. ஆனால் தூக்கம் போய்விட்டது. பேப்பர்காரர் சேலத்து ஆபீசில் விசாரிக்காமலா வருவார்? பெயர் அடிவாரம் வரை நாறப்போகிறது.

சனிக்கிழமை மனுவேல் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மாதம்மாள் புதுச்சேலை கட்டியிருந்தாள். நாலு மணியாயிற்று, ஐந்தும் ஆயிற்று. பனி இறங்கி ஜன்னலை மூடியது. வளைவில் பஸ் மாட்டியிருக்கும் என்றார் டீச்சர். போன் செய்து பார்க்கலாமே என்று ஹனீபா கேட்டதற்கு, சிக்னல் இல்லை என்று மனுவேல் அவசரமாகச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார்.

இதற்குமேல் ஹனீபாவால் முடியவில்லை. எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார். புடவைகளிலிருந்து பழைய அத்தர் வாசனை வந்தது. கடிதத்தைக் கொண்டுவந்து டம்ளர்களுக்கு நடுவில் வைத்தார்.

"ஒண்ணரை மாசமாச்சுங்க இது வந்து. கம்பெனி அப்பவே போயிட்டான். ஜெயிச்சுட்டோம்னு சொன்னா நீங்க எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போயிருவீங்க. அதான் சொல்லலை. என்னை மன்னிச்சிருங்க."

யாரும் கடிதத்தை எடுக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கூடக் கேட்கவில்லை. டீச்சர் மடியிலிருந்த நோட்டை மூடினார். மனுவேல் வாசலில் கழற்றிவிட்ட தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி இந்த நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட வேண்டியதுதான் என்று ஹனீபா நினைத்துக்கொண்டார்.

இத்தனை கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசாமலே இருந்த மாதம்மாள், டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்குந்தானுங்க பாய் இந்த லெட்டரு அப்பவே வந்துச்சு, மனுவேல் அண்ணன் பாத்துட்டு இது கரண்ட்டு நோட்டீசுன்னாரு, டீச்சரு பாத்துட்டு ரேசன் கார்டு சமாச்சாரம்னாங்க, அப்பறம் எஸ்டேட் ரைட்டர்தான் நெசத்தைப் படிச்சுச் சொன்னாரு, நானும் வாயைத் தொறக்கலைங்க."