ஏழரை மணி மேஜை

காசியம்மாளின் வாயிலிருந்து 'மன்னிச்சுக்குங்க' என்ற ஒரு சொல்லை வாங்கிவிடுவது என்று வல்லரசு தீர்மானித்தார். முப்பத்துநாலு வருடத் தாம்பத்தியத்தில் அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததே இல்லை.

அவர் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே நேரத்தைக் காத்தார். வீட்டு வாசலில் மனைவிக்காகக் காத்தார். வேலூர் பஸ் மூன்று நிமிடம் பிந்தினால் டிரைவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். காசியம்மாளோ முக்கால் மணி பிந்தி, கொண்டையில் பூவைச் செருகிக்கொண்டே வந்து, "போலாமா?" என்பாள். இதுவரை அவர்தான் தூங்கிக்கொண்டிருந்ததுபோல. எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டுவதை அவர்கள் பார்த்ததில்லை. கிடைப்பது கடைசிப் பந்தி.

ஆயுதம் கடல் வழியாக வந்தது. சென்னையில் இருக்கும் மகள் கவிநிலா, இருவருக்கும் சொகுசுக் கப்பலில் ஐந்து நாள் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து, கூடவே கப்பல்காரர்களின் விதிமுறைத் தாளையும் அனுப்பியிருந்தாள். வல்லரசு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கேட்டுக்கோ காசி. ராத்திரி சாப்பாடு ஏழரை மணி. நமக்குன்னு ஒரு மேஜை, கூட வேற ஆளுங்களும் இருப்பாங்க. லேட்டா போனா ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்பு கேக்கணும். முடிஞ்ச ஐட்டத்தைத் திரும்பக் கேக்கக் கூடாது. மத்தவங்க எதுல இருக்காங்களோ அதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். ஏழே முக்காலுக்குக் கதவ மூடிடுவான்."

"ஏழரையா? வேற நேரமே கெடைக்கலயா அவனுக்கு?"

"கிண்டல் வேணாம். நாளையிலேர்ந்து அஞ்சு நாள் நம்ம வீட்லயே ஒத்திகை. பக்கத்து வீட்டு நசீர் பாயும் அஜ்மத் பேகமும் நம்ம மேஜைக்கு வராங்க. லேட்டா வர்றவங்க இந்தச் சட்டப்படி நடந்துக்கணும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

காசியம்மாள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "கப்பல்ல போறவங்களே சமைப்பாங்களா?"

"அதுக்கு ஆள் இருக்கும்."

"நான் கப்பல்ல போறவதானே?"

"ஆமா."

"அப்ப இங்க அந்த ஆள் யாரு?"

வல்லரசு யோசித்தார். ஒரே ஒரு சொல்லுக்கு ஐந்து நாள் அடுப்படி. ஜாஸ்தி இல்லை. நாளுக்கு நூறு பஸ் கிளப்பியவருக்கு நாலு இலைச் சாப்பாடா கிளம்பாது?

"நான் பாத்துக்கறேன். நீ நேரத்துக்கு வந்து உக்காரு, போதும்."

"உங்க இஷ்டம்ங்க."

மறுநாள் மாலை ஏழு இருபதுக்கு சூப், வடை, சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் மேஜைக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் வீடு அவரைக் கூப்பிட ஆரம்பித்தது. பால் பொங்கியது. தொட்டி நிறைந்து மோட்டார் கத்தியது. தயிருக்கு உறை ஊற்றவில்லை. பின்கதவு திறந்து கிடந்தது. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடினார். முகம் கழுவி, வியர்த்த சட்டையை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் காசியம்மாள் பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ எப்ப வந்தா?"

நசீர் பாய் கடிகாரம் பழுது பார்க்கிறவர். அவர் சொன்னால் சொன்னதுதான். "ஏழு இருபத்தொம்போதுக்கே உக்காந்துட்டாங்க. நீங்கதான் பதிமூணு நிமிஷம் லேட்."

"சமைச்சிட்டுல்ல வரேன், பாய்."

"யாரா இருந்தாலும்னு சொன்னீங்க," என்றாள் காசியம்மாள், தணிந்த குரலில்.

ஒருவர் ஒருவராக மூன்று பேரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல் முப்பத்துநாலு வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் ஒலித்தது. குரல்தான் மாறிவிட்டிருந்தது.

"ஒரே ஒரு வடை..."

"அது போயிடுச்சுங்க. நாங்க பாயசத்துல இருக்கோம்."

"சாம்பார் நல்லா இருந்துச்சுண்ணே," என்று ஆறுதல் சொன்னாள் அஜ்மத் பேகம். "உப்புதான் கம்மி."

வல்லரசு விடவில்லை. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பிந்தத்தானே வேண்டும்? இரண்டாம் நாள் அவர் ஒன்பது நிமிடம் பிந்தினார். மூன்றாம் நாள் ஆறு. நாலாம் நாள் ஒரு வடை கிடைத்தது. காசியம்மாள் மட்டும் பிந்தவே இல்லை. தலை வாரி, பூ வைத்து, ஏழு மணிக்கே பேகத்தோடு பேச உட்கார்ந்துவிட்டாள். இருபது வருடமாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் குடியிருந்தவர்கள். உட்கார்ந்து பேசுவது இதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள், புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, வல்லரசுவுக்குச் சட்டென்று உறைத்தது. ஒரு சொல்லுக்கு ஆசைப்பட்டுப் பெரிய வெற்றியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே. முப்பத்துநாலு வருடம் அசையாத மலையை நாலே நாளில் அசைத்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார்.

"கவிநிலா, உங்கம்மாவ மாத்திட்டேன். நாலு நாளா ஏழரைக்கு டான்னு வந்து உக்கார்றா."

"அம்மாவா? எப்படிப்பா?"

"முப்பது வருஷ சர்வீஸ்மா. சும்மாவா?"

"அதெல்லாம் சரிப்பா. சமையல் யாரு?"

வல்லரசு போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அடுப்பைப் பார்த்தார்.

"குழம்பு அடி பிடிக்குதும்மா. அப்புறம் பேசறேன்."