ரயிலில் வளர்த்த யானை

எனக்குப் பொறாமை அதிகம். இதை மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். பெரிய விஷயங்களுக்கு எனக்குப் பொறாமை வருவதில்லை. யாராவது கடல் தெரிகிற மாதிரி வீடு வாங்கினால் மனதார வாழ்த்திவிட்டு, அவர்கள் வைக்கும் பிரியாணியையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவேன். ஆனால் நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டில், ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் வாங்கியதைவிடத் தளதளவென்று ஒரு கொத்தமல்லிக் கட்டு சாந்தினி அக்கா கூடையில் இருந்தால், அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது.

சாந்தினி அக்கா எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி இருப்பவர். மன்னார்க்காரர். முதியோர் இல்லம் ஒன்றில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்குப் போய்த் தன் மகன் ஜூட்டையும் என் மகளையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு வருவார். நான் நகரத்திலிருந்து ரயில் பிடித்து வந்து சேரும்வரை என் மகள் அவர் வீட்டில்தான் இருப்பாள். அவ்வளவு நல்ல மனுஷியைப் பார்த்துப் பொறாமைப்படுவது கஷ்டம். நான் சிரமப்பட்டுப் பட்டேன்.

காரணம் ஜூட். என் மகள் வயதுதான், ஏழு. அவளைப் போலவே இங்கேயே பிறந்தவன். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா பசிக்குது, என்ன இருக்கு?" என்று தமிழில் கேட்பான். என் மகளுக்கு ஆறு மாதம் யோசித்துத் தமிழினி என்று பெயர் வைத்தோம். பள்ளியில் சேர்ந்த இரண்டாவது வாரம் அது டாமி ஆகிவிட்டது. (எங்கள் ஊரில் அது யாருக்கு வைக்கிற பெயர் என்று உங்களுக்கே தெரியும்.) நான் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். "சாப்பிட வா" என்றால் "இன் எ மினிட்" என்று பதில் வரும். பெற்ற பிள்ளையோடு பேசுவதற்கு நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. அந்தச் சுவர் சாந்தினி அக்கா வீட்டில் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இந்த நிலைமையில்தான் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் செயலாளர் சிவலிங்கம், பிள்ளைகள் வீட்டில் படிக்க ஒரு நல்ல இணையதளமோ செயலியோ தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். அவர் ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர். சொல்லி முடிப்பதற்குள் என் கை மேலே இருந்தது. மருத்துவமனை ஆய்வகத்தில் இயந்திரங்கள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பதுதான் என் வேலை. ரத்தம் சோதிக்கிற இயந்திரத்தையே சோதிக்கிறவளுக்கு 'அ ஆ இ ஈ' சொல்லித் தருகிற செயலி எம்மாத்திரம்?

இருபத்தேழு கேள்விகளோடு ஒரு அட்டவணை தயாரித்தேன். உச்சரிப்பு தெளிவாக இருக்கிறதா? நடுவில் விளம்பரம் வருகிறதா? பிள்ளையின் விவரங்களை யாருக்குக் கொடுக்கிறார்கள்? பிள்ளை படிக்கிறதா, வெறும் நட்சத்திரம் சேர்க்கிறதா? பத்தொன்பதாவது கேள்வியை நினைத்து எனக்கே என்மேல் மதிப்பு கூடியது: பிள்ளைக்குப் பதிலாகப் பெரியவர்கள் விளையாடினால் கண்டுபிடிக்குமா?

ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினேன். ஒன்றில் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவில் பழைய கார் விற்கும் விளம்பரம் ஓடியது. ஒன்றில் பம்பரத்தின் படத்தைப் பார்த்துத் தமிழினி "ஆனியன்" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரு தோட்டச் செயலி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தோட்டம். சரியான பதிலுக்கு ஒரு குடம் தண்ணீர், செடி வளரும். பத்து வாக்கியம் வாய்விட்டு வாசித்தால் ஒரு விலங்கு வந்து சேரும். ஆறு குடும்பங்கள் நான்கு வாரம் பயன்படுத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சாந்தினி அக்கா குடும்பமும் அதில் ஒன்று. நன்றாகத் தோட்டம் வளர்க்கிற பிள்ளைதான் ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்லும் என்று சிவலிங்கம் உற்சாகத்தில் அறிவித்துவிட்டார். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அதைச் சொன்னது ஜூட்.

அந்தச் செயலியில் ஒரு பெரிய வசதி, அடுத்தவர் தோட்டத்தையும் எட்டிப் பார்க்கலாம். (அந்த வசதி என்னைப் போன்றவர்களுக்காகவே செய்தது.) முதல் வாரம் முடியும்போது ஜூட் தோட்டத்தில் மாமரம், கிணறு, ஒரு கன்றுக்குட்டி. எங்கள் தோட்டத்தில் ஒரு கத்திரிச் செடி. அதுவும் வாடிப்போய், "உன் செடிக்குத் தாகமாக இருக்கிறது" என்று வேலை நேரத்தில் என் கைபேசிக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருந்தது. மகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்லிக்கொடுக்கிற முறையில் சத்தம் கொஞ்சம் அதிகம். அவள் அழுதாள். என் கணவர் கார்த்திக் எட்டிப்பார்த்து, தோட்டம் போடுகிறாயா சண்டை போடுகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ரயிலில், அந்தச் செடி செத்துவிடக் கூடாதே என்ற ஒரே கருணையில், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். செடி நிமிர்ந்தது. இன்னொன்று சொன்னேன், பூத்தது. மோர்னிங்சைட் நிலையம் வருவதற்குள் காய்த்தது. நான் மதிப்பீட்டாளர், சோதித்துப் பார்ப்பது என் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தொன்பதாவது கேள்விக்கு வேறு எப்படித்தான் விடை கண்டுபிடிப்பதாம்?

வாய்விட்டு வாசிக்கும் பகுதி வந்தபோது ஒரு சிக்கல். பெரியவர் குரல் என்று கண்டுபிடித்துவிட்டால்? எனவே குரலை மெல்லிசாக்கி, மூக்கால் கொஞ்சம் பேசி, ஏழு வயதுப் பெண்ணைப் போல் வாசித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார். எனக்குக் கவலையில்லை, எனக்கு யானை வந்தது.

ஆட்டம் சூடுபிடித்தது. நான் சரியாகச் சொல்லச் சொல்லச் செயலியும் பாடத்தைக் கடினமாக்கிக்கொண்டே போனது. ஒரு நாள் தமிழினி ஆசையாகத் திறந்தாள். பண்டைய கடல் வணிகம் பற்றி ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னது. மூடிவைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அட்டவணையில் 'பிள்ளைக்கு ஆர்வம் குறைவு' என்று குறித்துக்கொண்டேன்.

இவ்வளவு பாடுபட்டும் ஜூட் தோட்டம் என்னை விடாமல் துரத்தியது. எனக்கு ஒரு யானை வந்த வாரம் அவனுக்கும் ஒன்று. நான் தாமரைக் குளம் வைத்தால் அவன் மயிலோடு நின்றான். பேசுவதில் கெட்டிக்காரன்தான், ஆனால் ஐந்து நிமிடம் ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை அவன். அவன் எப்படி இத்தனை வாசிப்பான்? யோசித்தேன், புரிந்துவிட்டது. சாந்தினி அக்காதான் வாசிக்கிறார். என்னைப் போலவே நேர்மையில்லாத பெண் இன்னொருத்தியும் அதே தெருவில் இருக்கிறாள் என்று நினைக்க எனக்குக் கொதித்தது. நான் செய்தது சோதனை, அவர் செய்வது மோசடி. கடைசி வெள்ளிக்கிழமை மூன்றாவது யானையைப் பிடித்து நான் முந்திவிட்டேன்.

சனிக்கிழமை மண்டபத்தில் பெற்றோர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் பின் வரிசையில். சிவலிங்கம் தன் மடிக்கணினியில் ஆசிரியர் பக்கத்தைத் திறந்து பெரிய திரையில் காட்டினார். நான் பட்டுப்புடவையில் நின்று இருபத்தேழு கேள்விகளையும் விளக்கினேன். பத்தொன்பதாவது வந்தபோது, "இல்லை, கண்டுபிடிக்காது. இது பெரிய குறை" என்று அடித்துச் சொன்னேன். அதை எப்படிச் சோதித்தீர்கள் என்று சிவலிங்கம் அப்பாவியாகக் கேட்டார். ஒரு ஊகம்தான் என்றேன்.

அப்போதுதான் திரையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் படம் இருப்பதைப் பார்த்தேன். பிள்ளைகள் வாசித்த குரலையெல்லாம் செயலி சேமித்துவைத்திருந்தது. பெற்றோர் பக்கத்தில் அது தெரிவதில்லை. புத்தியுள்ள எவளும் அந்த நிமிடமே மயக்கம் வந்ததாகக் கீழே விழுந்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாந்தினி அக்கா இன்றைக்கு மாட்டினார் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேட்டுப் பார்ப்போமே, ஜூட்டுடையதைப் போடலாமா என்று தேனாகக் கேட்டேன். "ஓம், போடுங்கோ" என்றார் சாந்தினி அக்கா. அழுத்தினேன்.

"அணில் மரத்தில் ஏறியது. அது கொய்யாப்பழம் தின்றது." பெண் குரல்தான். ஆனால் சாந்தினி அக்கா குரல் இல்லை. நிறுத்தி, எழுத்துக்கூட்டி, திரும்பச் சரியாக வாசித்த ஒரு சின்னக் குரல். வாசித்து முடித்ததும் ஒரு சிரிப்பு. "யுவர் டர்ன், ஜூட்."

அந்தச் சிரிப்பை நான் ஏழு வருடமாகக் கேட்கிறேன். அந்தக் குரலில் தமிழை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"இது தமிழினியெல்லோ" என்றார் சாந்தினி அக்கா. "தன்ர தோட்டத்தில பெரியாக்களின்ர பாடம் வருதெண்டு சொல்லி ஜூட்டின்ரயில வந்து இருந்திட்டா. ரெண்டு பேரும் மாறி மாறித்தான் வாசிக்கிறவை. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன், கவிதா."

எனக்குத் தெரியாது. மூன்று வாரம் நான் வயிறெரிந்து, பல்லைக் கடித்து, ரயிலில் மூக்கால் பேசிப் போட்டி போட்டது என் சொந்த மகளோடு. அவள் தோட்டத்தைப் பிடுங்கிக்கொண்டதும் நான், அவள் போய் வளர்த்த தோட்டத்தைத் தோற்கடித்ததும் நான். அழுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"அப்ப தமிழினி தோட்டத்துல படிச்சது யாரு லா?" என்றபடி சிவலிங்கம் கையை நீட்டி அழுத்திவிட்டார்.

மண்டபம் முழுக்க என் குரல். என் குரல் என்று சொல்ல முடியாது, கதவிடுக்கில் வால் மாட்டிய எலிக்குப் பேச வந்தால் அப்படி இருக்கும். "யானை கரும்பு தின்றது." பின்னால் ரயில் ஓடும் சத்தம். "நெக்ஸ்ட் ஸ்டேஷன், கிங்ஸ்லாண்ட்." பிறகு ஒரு அம்மாளின் கனிவான குரல், "யூ ஓகே, டார்லிங்?" உடனே என் சொந்தக் குரல், ஆய்வகத்தில் பேசுகிற அதே மிடுக்கோடு, "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ." மறுபடியும் எலி. "யானை குளத்தில் குளித்தது."

முதலில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. சாந்தினி அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. கார்த்திக் காரைப் பூட்டினோமா என்று பார்க்கப் போய்விட்டார். அப்போது பின் வரிசையில் தமிழினி எழுந்து நின்றாள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"அம்மா, ஏன் நீங்கள் சின்னப்பிள்ளை மாதிரிக் கதைக்கிறீங்கள்?"

அதற்குப் பிறகு மண்டபம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு எதுவும் காதில் விழவில்லை. என் மகள் என்னைப் பார்த்துத் தமிழில் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அந்த நாள் வரும்போது 'அம்மா, உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்கிற மாதிரி ஏதாவது சொல்வாள் என்று ஏழு வருடமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். பரவாயில்லை, வந்ததே பெரிது என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட அந்த நொடியிலும், அது என் தமிழ் இல்லையே, மன்னார்த் தமிழாயிற்றே என்று உள்ளே சுருக்கென்றது. பொறாமை அவ்வளவு சுலபமாகப் போகிற வியாதி இல்லை.

செயலியைப் பள்ளி எடுத்துக்கொண்டது. பத்தொன்பதாவது கேள்விக்கு முழு மதிப்பெண் தர வேண்டும் என்று பெற்றோர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆண்டு விழாவில் தமிழினியும் ஜூட்டும் ஆளுக்கு ஒரு வாக்கியமாக மாறி மாறி வரவேற்புரை சொன்னார்கள். அடுத்த ஞாயிறு சந்தையில் சாந்தினி அக்கா தன் கூடையிலிருந்து கொத்தமல்லிக் கட்டை எடுத்து என் பையில் வைத்தார். இத்தனை நாளும் நான் அதைப் பார்த்த பார்வை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிறது. அடுத்த வீட்டுக்காரர் எதையாவது நான் ஒரு மாதிரிக் குரலில் புகழ ஆரம்பித்தால், கார்த்திக் இன்றைக்கும் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "நெக்ஸ்ட் ஸ்டேஷன், கிங்ஸ்லாண்ட்" என்கிறார். தமிழினி வீட்டில் தாராளமாகத் தமிழ் பேசுகிறாள். என்னோடு சண்டை போடும்போது அது இன்னும் சுத்தமான மன்னார்த் தமிழ்.

என் அட்டவணையின் ஒரு பக்கம் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் எத்தனை முறை கிழித்தாலும் மகள் புதிதாக ஒன்று அச்சடித்து ஒட்டிவிடுகிறாள். ஒவ்வொரு முறையும் மறக்காமல், பத்தொன்பதாவது வரியில் நான் எழுதியிருந்த 'இல்லை' மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக எழுதுகிறாள்: 'ஓம்.'