ஆராவது இருக்கிறீங்களோ?

கணினி வேலை செய்கிறவர்கள் தனிமை என்று ஒன்று தங்களுக்கு இருப்பதாக ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். "வேலை தலைக்கு மேல்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன் (திரிந்தேன் என்பது பேச்சுக்கு; கதிரையை விட்டு எழுந்தால்தானே திரிவதற்கு). உண்மை என்னவென்றால், அந்த ஆண்டு தலைமன்னார் வீட்டில் நான் தனிக்கட்டை. அம்மா காலமாகிவிட்டார். அக்கா கனடாவில். கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தேன். அக்கா தொலைபேசியில் "எப்பிடியடா இருக்கிறாய்?" என்று கேட்டால், "எனக்கென்னக்கா, வீடு நிறையச் சனம். கதைச்சு முடியேல்ல" என்பேன். வீட்டில் இருந்தவை நான்கு கதிரைகள்.

அந்த நேரம்தான் மீனவர் சங்கத் தலைவர் பாவிலு அண்ணர் ஒரு வேலையோடு வந்தார். காற்றுக் கடுமையானால் கரையில் நிற்பவர்களைத் தமிழில் குரல்கொடுத்து எச்சரிக்கும் பெட்டி ஒன்று வேண்டுமாம். பெட்டிக்குள் லினக்ஸில் ஓடும் கையகலப் பலகை. சங்கக் கட்டடக் கூரையில் ஒலிபெருக்கி.

"முந்தியும் ரெண்டு பெட்டி ஆரோ கொண்டுவந்து பூட்டினவை தம்பி. ரெண்டும் ஊமையாப் போச்சு. இதும் ஊமையெண்டா இனி ஒருத்தரையும் கூரையில ஏற விடமாட்டினம். காத்துத் தெரியாமல் கடலுக்குப் போறது எங்கட ஆக்கள்தான், யோசிச்சுக்கொள்ளும்" என்றார்.

பெட்டிக்கு நிரல் எழுதுவது பெரிய வேலை இல்லை. எழுதுவதற்கு மடிக்கணினியைத் தயார்செய்வதுதான் சீவன் போகிற வேலை. பெட்டியின் மூளை வேறு, மடிக்கணினியின் மூளை வேறு. இங்கே எழுதியதை அங்கே புரிகிற மாதிரி மாற்றித் தரும் கருவிகளை ஒவ்வொன்றாகத் தரவிறக்க வேண்டும். ஒன்றை இறக்கினால் அது இன்னொன்றைக் கேட்கும். அதையும் இறக்கினால், இது புதிது, எனக்குப் பழையதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். என் கைபேசியோ அடிக்கடி கடல் தாண்டிப் போய் இராமேஸ்வரம் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, "இந்தியாவுக்கு நல்வரவு" என்று செய்தி அனுப்பும். இப்படி இருபத்தொரு நாள் இழுபட்ட அந்த மூன்று கிழமையில் எனக்குக் கிடைத்த ஒரே அன்பான வார்த்தை அதுதான். இரண்டாம் முறை வந்தபோது "நன்றி" என்று பதில்கூட எழுதினேன்.

நான்காம் கிழமை எல்லாம் சரியாக அமைந்தது. பெட்டிக்கான நிரல் ஏறிய நினைவட்டையைப் பிரதி எடுத்து, ஒன்றைச் சங்கத்துப் பெட்டியிலும் மற்றதைச் சோதனைக்காக என் மேசையில் இருந்த பெட்டியிலும் போட்டேன். பிரதியில் பெயரையும் மாற்ற வேண்டும் என்பது என் பெரிய மண்டையில் ஏறவில்லை. இரண்டு பெட்டிக்கும் "கடல்" என்றே பெயர். இணையம் வழியாக "கடல்" என்று கூப்பிட்டால், எது விழித்திருக்கிறதோ அது பதில் சொல்லும்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் சங்கத்தார் முன்னால் பெட்டி பேச வேண்டும். காலை பத்து மணிக்கு மேசைப் பெட்டியில் கடைசிச் சோதனையைத் தொடங்கினேன். புதிய நிரல் முதலில் உலகத்துக்கு வணக்கம் சொல்வது எங்கள் தொழில் வழக்கம். உலகத்தோடு எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லாததால், "ஆராவது இருக்கிறீங்களோ?" என்று என் குரலைப் பதிந்து அனுப்பினேன்.

திரையில் "ஒலித்து முடிந்தது" என்று வந்தது. மேசைப் பெட்டி வாயே திறக்கவில்லை. (அதன் மின்கம்பி சுவரிலிருந்து கழன்று கிடந்தது. ஆயிரம் கோப்புகளைத் துருவியவன் அதைப் பார்க்கவில்லை.)

ஒலியளவைக் கூட்டினேன். "கேக்குதோ? கேட்டா ஒரு சத்தம் போடுங்கோவன்" என்று பதிந்து அனுப்பினேன். சத்தமில்லை. ஒலியளவை முழுதாகக் கூட்டினேன். எனக்கு அழுகை வரப் பார்த்தது. அடுத்ததாகப் பதிந்தது சோதனையே இல்லை: "அஞ்சு நாளா நான் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. பாணும் சம்பலும்தான் சாப்பாடு. அக்காவுக்குப் பொய் சொல்லிப்போட்டன், வீடு நிறையச் சனம் எண்டு. நீயாவது ஒரு வார்த்தை கதையன்." இதை நூறு தரம் திரும்பச் சொல்லும்படி கட்டளையிட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

அன்றைக்குத் தென்மேற்குக் காற்றான சோளகம் பலமாக வீசியது. அந்தக் காற்று என் வீட்டுப் பக்கமிருந்து கரைக்குப் போவது. கரையில் வெடி போட்டாலும் எனக்குக் கேட்காது.

தேத்தண்ணி ஆறுவதற்குள் சங்கத்தின் செயலாளர் எமில்டா அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"தம்பி, உமக்கு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லையக்கா. வேலை கொஞ்சம் கூட."

"ஒண்டுமில்லையோ? கரை முழுக்க நீர் அழுகிற சத்தம். வலையில மீன் கழட்டிக்கொண்டிருந்த சனமெல்லாம் எழும்பி நிக்குது. முதல் ஆரோ கட்டடத்துக்குள்ள மாட்டுப்பட்டிட்டினம் எண்டு கதவை உடைச்சவை. பிறகு செபமாலை சொல்லத் துவங்கிட்டினம். நீர் பாண்தானோ சாப்பிடுறனீர்?"

நான் கூப்பிட்ட "கடல்" மேசையில் இருந்தது அல்ல, சங்கக் கூரையில் இருந்தது. மடிக்கணினியில் ஒரு விசையைத் தட்டியிருந்தால் பெட்டி வாயை மூடியிருக்கும். அந்த யோசனையே வரவில்லை. ஓடிப்போய் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். கரை நெருங்க நெருங்க என் குரலே எனக்கு எதிரே வந்தது. பாண், சம்பல், அக்கா, பொய். வழியில் நின்றவர்கள் ஒலிபெருக்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

கட்டடத்துக்குக் கீழே பாவிலு அண்ணர் இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து ஒலிபெருக்கிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "நாங்கள் இஞ்ச இருக்கிறம் தம்பி! கதைக்கிறம்தானே! நீர் முதல்ல சாப்பிடும்!"

நான் கட்டடத்துக்குள் போய்ப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினேன். கரை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைவிட என் குரலே பரவாயில்லை என்று தோன்றியது. சங்கம் கையை விரித்துவிடும், இந்தப் பெட்டியும் கூரையிலிருந்து இறங்கும் என்று நினைத்துத் தலையைக் குனிந்தேன்.

"பின்னேரம் சோதினை தேவையில்லை" என்றார் பாவிலு அண்ணர். "கடலுக்க நிண்ட வள்ளக்காரருக்கும் கேட்டிருக்கு. நாலு வள்ளம் திரும்பி வந்திட்டுது. இது ஊமையில்லை."

அன்றைக்கு மத்தியானம் எமில்டா அக்கா வீட்டில் விளைமீன் குழம்போடு சோறு. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் சோறு போட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்பு உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

படம் பிடித்தவர்களின் புண்ணியத்தில் பின்னேரமே அது கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா அழைத்தார். முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "வீடு நிறையச் சனமெண்டாய், எத்தினை கதிரையடா வீட்டில?" என்றார். இப்போதும் எந்த அழைப்பிலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்.

பெட்டி இன்றைக்கும் கூரையில் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குத் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். அதற்கு வேறொரு நல்ல குரலைப் பதிந்து தருகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். சங்கம் தீர்மானமாக மறுத்துவிட்டது. ஆறு மணிக்கு என் குரல் கரையைப் பார்த்து, "ஆராவது இருக்கிறீங்களோ?" என்கிறது. வலையோடு நிற்பவர்கள் "ஓம், இருக்கிறம்!" என்று கத்திச் சிரிக்கிறார்கள்.

வாடைக்காற்று மாதங்களில் அந்தப் பதில் என் வீட்டுக்கே வரும். சோளகத்தில் கேட்காது. கேட்காது என்று தெரிந்தாலும், ஆறு மணிக்கு முன் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி போடுகிறேன்.